எடுத்துவரும் உடுப்பு

1

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பின்னல்காரர்கள் கூடுவோம். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன், யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கச் சரவணையில் இருந்து வாசிப்பவர்கள் மன்னிக்கவேண்டும். நான் சொல்வது வட நோர்வேயில் இருக்கும் ஒரு மீன்பிடித் தீவை. ஒரு கேத்தல் நிறையக் கோப்பி, வட்டமாகப் போட்ட கதிரைகள், மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்ட பெண்கள், அவர்கள் நடுவில் ஒரேயொரு ஆம்பிளையாக நான். சரவணையில் பிறந்த ஒருவன் இப்படியொரு சபையில் ஊசியும் நூலுமாக இருப்பான் என்று என் சாதகத்தை எழுதியவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

போன செவ்வாய், நான் ஊருக்குப் போய்த் திரும்பியபின் நடந்த முதல் கூட்டம். குன்வோர் என்ற மூத்த பெண்மணி, கையில் இருந்த காலுறையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன, பேத்தி போட்டாளா?"

"போட்டாள். ஆனால் நான் கொண்டுபோனதை இல்லை."

எல்லா ஊசிகளும் நின்றன. நான் விளக்கத் தொடங்கினேன். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டை நாங்கள் சொல்லும் துடக்கு என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை. வாடைக்காற்று என்றால் அவர்களுக்கு அது வெறும் வடகிழக்குக் காற்று. பூச்சியத்துக்குக் கீழே போகாத எந்தக் காற்றையும் அவர்கள் காற்றென்று எண்ணுவதும் இல்லை. அரைவாசியில் நிறுத்திவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அரைவாசியை விளக்கத் தேவையில்லை.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறக்க முன்பே வீட்டிலே ஒருவர் அதற்கு ஒரு சட்டை, தொப்பி, காலுறை, போர்வை எல்லாம் கம்பளி நூலில் பின்னி வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவரும்போது அதைத்தான் போடுவார்கள். ஹென்டெசெட் என்று பெயர். 'எடுத்துவரும் உடுப்பு' என்று நான் தமிழாக்கி வைத்திருக்கிறேன். எங்கள் மகன் அகிலன் பிறந்தபோது எனக்குப் பின்னத் தெரியாது. ஆஸ்பத்திரித் துவாயில் சுற்றித்தான் அவனைப் பனிக்குள்ளால் கொண்டுவந்தோம். அதைப் பார்த்த குன்வோர் அடுத்த நாளே தன் பேரனுடைய உடுப்பைக் கொண்டுவந்து தந்தாள். அவளும் நானும் அப்போது மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டுகிறவர்கள்.

பிறகு குளிரிலும் கத்தியிலும் என் கைவிரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. விரலுக்கு வேலை கொடு என்றார் வைத்தியர். இடைவேளையில் குன்வோர் ஊசியைக் கையில் தந்தாள். முதன்முதலில் நான் எனக்கே ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் பின்னினேன். இடக்கை வலக்கையைவிட நீளம். "அந்தக் கையாலை தேத்தண்ணியும் வடிக்கலாம்" என்று என் மனைவி திலகம் இன்றைக்கும் சொல்வாள். ஆனாலும் நான் அதைத்தான் இத்தனை குளிர்காலமும் போட்டேன்.

சரவணையில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில், "இப்ப பின்னிக்கொண்டு இருக்கிறன் அக்கா" என்று ஒருமுறை சொன்னேன்.

"உங்கை தென்னோலை கிடைக்குதோ?" என்றார்.

அவர் கிடுகு என்று நினைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை பின்னினால் அது கிடுகாகத்தானே இருக்கவேண்டும்.

பின்னலோடு இன்னொரு பழக்கமும் எனக்கு இவர்களிடம் இருந்து தொற்றிவிட்டது. இந்த வடக்கத்தி மனிதர்கள் 'ஓம், சரி' என்பதை வாயால் சொல்வதில்லை. சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். முதல் நாள் தொழிற்சாலையில் இதைக் கேட்டபோது பக்கத்தில் நின்றவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். இப்போது நானே அப்படித்தான் ஓம் சொல்கிறேன், யாருடன் தமிழில் கதைத்தாலும்.

2

இங்கே எங்களுடன் இருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஒஸ்லோவுக்குப் போனார்கள், லண்டனுக்குப் போனார்கள். பெற்றவர்களும் பின்னாலே போனார்கள். என் மகனும் போனான். அவன் போன இடம் நயினாதீவு, எங்கள் சரவணைப் பக்கத்துத் தீவு.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் பற்றிப் படித்தவன். தீவுப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, ஆறு மாதம் என்று சொல்லிப் போனான். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சுகன்யாவைக் கண்டான். ஆறு மாதம் என்ற கதை அதோடு முடிந்தது. நான் எந்தக் கரையை விட்டுத் தப்பினால் போதுமென்று ஓடிவந்தேனோ, அந்தக் கரைக்கு என் பிள்ளை தன் விருப்பத்தில் போய் வீடு எடுத்திருக்கிறான். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் அழுகிறார்கள். என் பிள்ளையும் கைவிட்டுத்தான் போனான், நான் கைவிட்ட இடத்துக்கு. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது.

அவன் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். சுகன்யா பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தியைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, "அப்பா, பிள்ளைக்கு ஒரு நல்ல தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறன். வேப்பமரத்திலை" என்றான்.

"தொட்டியோ? ஏன் மோனை, பிள்ளையோ மாடோ?" என்றாள் திலகம்.

தொட்டிலைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு 'ல்' குறைந்ததில் என் பேரப்பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் இடத்தில் படுக்கப் பார்த்தது. சுகன்யா பின்னால் நின்று சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்றைக்கே வெள்ளை நூல் வாங்கினேன். கடையில் இருந்ததிலே மெல்லியது. வெயிற்காலம் முழுக்கப் பின்னினேன். சரவணை வெயிலுக்குக் கம்பளியா என்று திலகம் கேட்டாள். மார்கழியிலே பிறக்கப்போகிற பிள்ளை, குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நயினாதீவுக்கு வள்ளத்தில் வாடைக்காற்றுக்குள்ளால் போகவேண்டிய பிள்ளை என்றேன். முதற்பிள்ளை தாய் வீட்டுக்குத்தானே போகும். அவள் நூற்பந்தைச் சுற்றித் தந்தாள். அவளும் தீவுக்காரிதான்.

விசா எடுக்கும்போது வருகையின் நோக்கம் என்ற இடத்தில் தரப்பட்ட சொற்களுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். சுற்றுலா, வியாபாரம், வேறொரு நாட்டுக்குப் போகும் வழி. பேத்தியையோ பேரனையோ வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று ஒன்று இல்லை. சுற்றுலா என்று போட்டேன். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி என் நோர்வேக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, இலங்கைக்கு முதல்முறையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறந்த இடம் என்று போட்டிருந்ததை விரலால் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு முப்பது நாள் முத்திரை குத்தினார். அதற்குமேல் நிற்கவும் வழியில்லை. திலகத்துக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்து காத்திருந்து ஒரு திகதி கிடைத்திருந்தது.

3

சரவணையில் அக்கா வீட்டில்தான் தங்கினோம். வந்த அடுத்த நாளே சுகன்யாவின் தாய் மனோன்மணி நயினாதீவில் இருந்து எங்களைப் பார்க்க வந்தார். கலியாணத்தில் ஒருமுறை கண்டது, பிறகு தொலைபேசித் திரையில் கண்டது. தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, பயணம் எப்படி என்று கேட்டார்.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். நல்ல பயணம், ஓம் என்று அர்த்தம்.

"அண்ணைக்கு முட்டு வருத்தமோ?" என்று திலகத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லைத் தங்கச்சி. அது அவர் ஓம் சொல்லுறது. அங்கத்தைப் பழக்கம்."

"மூச்சை விட்டும் சொல்லலாம்தானே?" என்றார் மனோன்மணி. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் பொறுக்கமுடியாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். அங்கே நூலகத்தில் இதை வைத்தபோது எழும்பி நின்று பார்த்தார்கள். மனோன்மணி தொடவில்லை. கையைப் பின்னுக்கு எடுத்தது எனக்குத் தெரிந்தது.

"நல்ல வடிவாய்த்தான் இருக்கு அண்ணை. ஆனால் பிறந்த பிள்ளைக்குப் புதுசு போடுறேல்லை."

"இது கூட்டிக்கொண்டு வரேக்கை போடத்தானே, தங்கச்சி."

"துடக்குக் கழியுமட்டும் பழந்துணிதான். என்ரை மனுசன்ரை பழைய வேட்டி எல்லாம் தோய்ச்சுக் கிழிச்சு வைச்சிருக்கிறன். உதை முப்பத்தொண்டுக்குப் போடுவம்."

முப்பத்தொன்றாம் நாள் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளை எப்படிப் பார்த்தாலும் நாங்கள் வந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகுதான் பிறக்கும். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அகிலனைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்த நாளில் இருந்து மனதில் கிடந்த ஆசை. அவன் பிள்ளையாவது என் கையால் பின்னியதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும், அதை நான் கண்ணால் பார்க்கவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"இந்தக் காலத்திலையும் உதெல்லாம் பாக்கவேணுமோ?" என்றேன்.

மனோன்மணி என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குச் சுகன்யாவுக்கு முந்தி ஒண்டு இருந்தது அண்ணை. சட்டையெல்லாம் புதுசாய்த் தைச்சு அலுமாரியிலை அடுக்கி வைச்சனான். பிள்ளைப்பேற்று நோக் கண்ட அண்டைக்குக் காத்து. வள்ளம் விட ஏலாது எண்டிட்டினம். விடியத்தான் விட்டவை. அந்தச் சட்டையளை நான் பிறகு அலுமாரியிலை இருந்து எடுக்கவேயில்லை. சுகன்யாவுக்கு ஒண்டும் முந்திச் செய்யேல்லை. பழந்துணியிலைதான் வந்தவள். உயிரோடை நிண்டிட்டாள்."

நான் வெள்ளை உடுப்பை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி மூடியபோதுதான் அவர் கதிரையில் சரியாகச் சாய்ந்து இருந்தார்.

4

பிள்ளை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அகிலன்தான் தொலைபேசி எடுத்தான். நோர்வேமொழியில் இரண்டு சொல், தமிழில் "அப்பா" என்று ஒரு சொல். மூன்றும் போதுமாக இருந்தது.

பார்வையாளர் நேரத்துக்குப் போனோம். சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தது, சுகன்யா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். மனோன்மணி பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் என்ன எழுதுகிறது. இத்தனை வயது வந்து, இரண்டு நாட்டில் வாழ்ந்து, பார்க்கவேண்டியது எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தவன், ஒரு விரல் நகத்தைப் பார்த்து அசந்துபோய் நின்றேன். அரிசி அளவும் இல்லை, அதற்குள்ளே வெள்ளைப் பிறையும் இருந்தது. யார் இதை உட்கார்ந்து செய்தது? நான் ஒரு தொப்பி பின்னவே இரண்டு தரம் அவிழ்க்கிறேன். இங்கே காது மடல், இமை, உதட்டு ஓரம், ஒரு இடத்திலும் பிழை இல்லை. பக்கத்துக் கட்டிலிலும் ஒன்று, அதற்கு அடுத்த கட்டிலிலும் ஒன்று. தாதிமார் இதற்கு நடுவிலே சாதாரணமாக நடந்து திரிந்தார்கள். எனக்கு அது அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளை சுற்றியிருந்த வேட்டித்துண்டு என் கையில் பட்டது. எத்தனையோ தரம் தோய்த்து, வெயிலில் காய்ந்து, ஒரு மனிதனின் உடம்போடு உரஞ்சி உரஞ்சிப் பஞ்சாகியிருந்தது. நான் கொண்டுவந்த நூல் எவ்வளவு மெல்லியது என்றாலும் இந்த மெதுமை அதற்கு இல்லை. பழந்துணி என்பது பயத்தில் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். தொட்டபிறகுதான், ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்து பார்த்த துணியைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

பிள்ளைக்கு மஞ்சள்காமாலை கூடுதலாக இருக்கிறது, சில நாள் வெளிச்சத்தில் வைக்கவேண்டும் என்றார்கள். நீல வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணைக் கட்டி, கைகாலை விரித்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள். எங்கள் நோர்வேத் தீவில் மார்கழியில் சூரியன் எழும்புவதே இல்லை. நாங்களும் விளக்கு ஒன்றுக்கு முன்னால் இருந்துதான் மனதைத் தேற்றுவோம். இவள் அங்கே வராமலே அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிட்டாள்.

அன்று பின்னேரம் காற்று எழும்பியது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று மனோன்மணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை போற அண்டைக்கும் உந்தக் காத்துத்தான் நிக்கப்போகுது. வேட்டியும் சீலையும் எத்தினை சுத்தினாலும் உள்ளுக்கை பூந்திடும்" என்றார், எனக்கென்றில்லாமல்.

விமானத்தில் குளிருமென்று நான் போட்டுவந்த சாம்பல் நிற ஸ்வெட்டர் அக்கா வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்போது என் நினைவில் வந்தது.

"தங்கச்சி, பழசெண்டால் சரிதானே?"

"பழசெண்டால் சரி. ஆற்றை பழசு?"

"என்ரை. நான் முதன்முதல் எனக்குப் பின்னினது. அதை அவிழ்த்து அந்த நூலிலை பின்னுறன். நூல் பழசுதானே?"

அவர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வி அந்த வழக்கத்திடம் இதற்கு முன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"அதைப் போட்டுக்கொண்டு திரிஞ்ச காலத்திலை உங்களுக்கு வருத்தம் துன்பம் ஏதும் வந்ததோ?"

"தடிமன் கூட வரேல்லை."

மனோன்மணி என்னைப் பார்த்தபடி, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. அது ஓம்.

5

அக்கா வீட்டு விறாந்தையில் கதிரை போட்டுத் திலகத்தை இருத்தினேன்.

"கையை நீட்டிப் பிடியும்" என்றேன்.

"அந்த நீட்டுக் கையை முதல் அவிழுங்கோ. அதை ஒருக்கால் ஒழிச்சுக்கட்டவேணும்" என்றாள்.

ஆனால் நுனியைப் பிடித்து இழுத்தபோது அவள்தான் கண் கலங்கினாள். வரிவரியாக அது குலைந்து வந்தது. முதல் குளிர்காலத்தில் நான் விட்ட பிழைகள் எல்லாம் ஒருமுறை முன்னால் வந்து பிறகு நேர்நூலாகிவிட்டன. எவ்வளவு கோணலாகப் பின்னினாலும் நூல் கோணலாவதில்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரவணைக் கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது. அக்கா பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் நூலைக் கழுவி, சுருள் எடுபடச் செம்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். பிள்ளை பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் தொங்கும் செம்பைப் பார்த்து ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துப் பேசாமல் போனார்கள்.

பிறகு எனக்கும் ஊசிக்கும் ஓட்டம். தொப்பி முடிந்தது. போர்வை தொடங்கினேன். பின்னலில் ஒவ்வொரு முடிச்சையும் நான் கண் என்றுதான் சொல்வேன், வலையில் சொல்வதுபோல. கண்ணை எண்ணிக்கொண்டு இருப்பவனோடு கதைக்க ஏலாது. அக்காவின் சொந்தக்காரர்கள் வந்து இருந்துவிட்டு, நோர்வேக்காரர் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

ஒருநாள் திலகம் சீலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு வாறியளோ?"

"நீர் போயிட்டு வாரும். இதை முடிக்காட்டிச் சரிவராது."

"பேத்தியைப் பாக்க வந்தனியளோ, ஊசியைப் பாக்க வந்தனியளோ?"

"பேத்திக்குத்தானே பின்னுறன்!"

அவள் போய்விட்டாள். நான் பின்னினேன். காற்று வேலியை ஆட்டிக்கொண்டிருந்தது. பொழுதுபட அவள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்ற முதலே சொன்னாள்.

"கண்ணிலை கட்டினதை எடுத்துவிட்டவை. பிள்ளை இண்டைக்குத்தான் வடிவாய்க் கண் திறந்து பாத்தது. எல்லாரையும் சுத்திச் சுத்திப் பாத்தது. உங்களைத்தான் காணேல்லை."

நான் கண் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கண் திறந்திருக்கிறாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். யாருக்காகப் பின்னுகிறேனோ அவளை விட்டுவிட்டு அவளுடைய போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைவிட மடையன் இந்தத் தீவில் வேறு யாரும் இருக்கமாட்டான். அடுத்த நாள் முதல் பார்வையாளர் நேரத்தில் ஊசியைத் தொடுவதில்லை என்று திலகத்துக்குச் சொன்னேன். போர்வை முடிந்தவரை முடியட்டும் என்றேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

அப்படியே செய்தேன். பேத்தி என் முகத்தையும் பார்த்தாள். பார்த்தது என்னையா, எனக்குப் பின்னால் இருந்த யன்னலையா என்று தெரியாது. பிறந்து ஒரு கிழமையும் ஆகாத ஒன்று பார்க்கும்போது நாம்தான் கூனிக்குறுகி நிற்கிறோம், அதுமட்டும் தெரியும்.

6

வீட்டுக்குப் போகலாம் என்று திடீரென்றுதான் சொன்னார்கள். போர்வை முடிய இன்னும் நாலு விரல் அகலம் இருந்தது. அக்கா, சரவணையில் இரண்டு நாள் நின்று காற்று அடங்கினாப்போலை போங்கோவன் என்றார். மனோன்மணி குறிகட்டுவானுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். கடல் பரவாயில்லை, காற்றுத்தான் குளிர், வள்ளம் ஓடுகிறது என்றார்கள்.

"ஓடேக்கையே போயிடுவம்" என்றார்.

வாகனத்தில் நான் பின்னிக்கொண்டே போனேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று எல்லாம் போனது, நான் தலை நிமிரவில்லை. இறங்குதுறை வந்தபோதும் முடியவில்லை. ஊசி குத்திவிடும் என்று ஊசியை உருவி, மிச்சமிருந்த கண்களை ஒரு நூல்துண்டில் கோர்த்துக் கட்டினேன். பந்து என் சேட்டுப் பொக்கற்றுக்குள். அதில் இருந்து போர்வைக்கு ஒரு நூல் போய்க்கொண்டிருந்தது. அறுப்பதற்கு ஒருவரிடமும் கத்தியும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை.

மனோன்மணி முதலில் வேட்டித்துண்டால் பிள்ளையைச் சுற்றினார். பிறகு தொப்பி. பிறகு கையை நீட்டினார், நான் போர்வையைக் கொடுத்தேன். முகம் மட்டும் தெரியச் சுற்றிவிட்டு, அதன்மேல் தன் கன்னத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தார். அந்த நீட்டுக் கை இருந்த பக்கத்து நூல் எது என்று எனக்கே தெரியாது, எல்லாம் கலந்துவிட்டது.

வள்ளத்துக்குள் இறங்கினோம். அகிலன் சுகன்யாவைப் பிடித்து இருத்தினான். மனோன்மணிக்குப் பக்கத்தில் நான், நூல் எட்டவேண்டுமே. நடுக்கடலில் காற்று உள்ளே வந்தது. எல்லோரும் சீலைத் தலைப்பையும் துவாயையும் இழுத்து மூடினார்கள். நான் போர்வைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. நான் உறைபனியில் மீன் வெட்டப் போய்வந்த அதே சூடு. அதுவரை காலமும் அந்தக் குளிரை நான் எதற்காகத் தாங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. இப்போது கையில் தட்டுப்பட்டது.

நயினாதீவுக் கோயில் கோபுரம் தெரிந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே கும்பிட்டார்கள். மனோன்மணி கும்பிடவில்லை. துடக்கு தகப்பன் பக்கமான எங்களுக்குத்தான், அவருக்கில்லை. இரண்டு கையிலும் பிள்ளை. அவர் கோபுரத்தைப் பார்க்கவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார், அங்கே யாருக்கோ பிள்ளையைக் காட்டுவதுபோல.

கரையில் இறங்கும்போது நூல் வள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கை கொடுத்து இறக்கிக்கொண்டிருந்த வள்ளக்காரர் அதைக் கண்டார்.

"ஐயா, உது மாட்டுப்படுது. அறுத்துவிடட்டோ?"

"அறுக்காதேங்கோ!" என்றார் மனோன்மணி. வள்ளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு என்னிடம், "அண்ணை, எனக்குப் பின்னாலை அப்பிடியே வாங்கோ. இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்" என்றார்.

விளிம்பில் இருந்து நூலை எடுத்துவிட்டு நான் இறங்கினேன். அவர் ஒரு அடி, நான் ஒரு அடி. இந்தக் கடலை நான் விட்டுப்போனபோது என்னைக் கட்டிப்பிடிக்க ஒரு நூலும் இருக்கவில்லை. இன்றைக்குப் பொக்கற்றில் பந்து உருள உருள, பிள்ளைக்குப் பின்னால் ஒரு கிழவன் கரையேறினேன்.

இறங்குதுறையின் முனையில் காற்று திரும்பி அடித்தது. பிள்ளையின் முகத்தில் நேரே பட்டது. அவள் கண்ணைச் சிமிட்டி, வாயைத் திறந்து, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஐயோ, பிள்ளைக்கு மூச்சு முட்டுதோ!" என்று திலகம் முழங்கால் வலியையும் மறந்து பதறி ஓடிவந்தாள்.

"இல்லை அக்கா" என்றார் மனோன்மணி. போர்வையின் விளிம்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டே சிரித்தார். "பேத்தி அப்பப்பாவுக்கு ஓம் சொல்லுறா."